இறந்துபோன உங்கள் அப்பாவை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

அவருடைய விரல்களாகத்தான்.

அப்பா கண்டக்டர். 1984-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்தார். 1997-இல் எல்லாக் கழகங்களுக்கும் பெயர் மாறியபிறகும் எங்கள் தெருவில் அவர் ‘பாண்டியன் கண்டக்டர்’தான். பெரும்பாலும் மதுரை - கம்பம் ரூட். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். இடது கை விரல் இடுக்குகளில் பத்து, இருபது, ஐம்பது என்று நீளவாக்கில் மடித்த நோட்டுகள். சில்லறை எண்ணி எண்ணிக் கறுத்த விரல் நுனிகள், எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.

டூட்டி முடிந்து இரவு பதினொரு மணிக்கு வருவார், சில நாள் நைட் ஹால்ட், வரவே மாட்டார். ஆனாலும் அப்பா வீட்டில் இல்லாத மாதிரி எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, ஏனென்றால் ஓய்வு நாளில் அம்மாவை அடுப்படிப் பக்கமே விடமாட்டார், எனக்கு ரெட்டைச் சடை பின்னுவதும் அவர்தான். ரிப்பனை நோட்டு மாதிரியே விரல் இடுக்கில் சொருகிக்கொண்டு, “ஆடாம உக்காரு தாயி, இன்வாய்ஸ் எழுதுற நேரத்துல பிரேக் போட்ட மாதிரி இழுக்குது” என்பார். வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் யார் பின்னிவிட்டது என்று கேட்டால் அப்பா என்று சொல்ல எனக்கு அவ்வளவு பெருமை.

அப்புறம் திராட்சை. கம்பம் பக்கம் வருடம் முழுக்கப் பன்னீர் திராட்சை காய்க்கும். மஞ்சள் பையில் ஒரு கிலோ வாங்கி, நசுங்காமல் இருக்க சீட்டுப் பக்கத்துக் கம்பியில் மாட்டியே கொண்டுவருவார். 2023-இல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பா அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

கடைசி வருடம் பக்கவாதம் வந்து இடது கை சரியாக வரவில்லை. படுக்கைதான். ஒருநாள் காலையில் என் மகள் ரிப்பனோடு போய் அவர் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் தடுக்கப் போனேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் பின்னினார், ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே, வகிடு கோணல்.

அவள் அப்படியே பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்தும் அவிழ்க்க விடவில்லை.