பில்லில் வெறும் 'கிளட்ச் ரிப்பேர்' என்றிருந்தால்

கேள்வி: என் பழைய புரோட்டோன் சாகா காருக்கு கிளட்ச் 'ஃபுல் செட்' மாற்றி 650 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தேன். நாலே மாதத்தில் மறுபடியும் வழுக்குகிறது, என்ஜின் அலறினாலும் கார் இழுக்கவில்லை. "கிளட்ச் மேல கால வெச்சே ஓட்டுறீங்க, வாரண்டி இல்ல" என்கிறார் பட்டறை ஃபோர்மேன். பில்லில் 'கிளட்ச் ரிப்பேர் 650', அவ்வளவுதான். என்ன செய்யலாம்?
– சுங்கை சிப்புட், லிந்தாங் சாலை வாசகர்

பதில்: பெடல் மேல் காலை வைத்தே ஓட்டினால் கிளட்ச் தேயும், உண்மைதான். ஆனால் பழைய கிளட்சும் இதே காலுக்குக் கீழேதானே வருஷக்கணக்கில் ஓடியது? அவரிடம் இதைக் கேளுங்கள். எனக்கு இரண்டு சந்தேகம். ஃபுல் செட் என்று காசு வாங்கிவிட்டு பிளேட்டை மட்டும் போட்டிருக்கலாம், கவரும் ரிலீஸ் பேரிங்கும் பழசாகவே உள்ளே கிடக்கலாம். இல்லை, கிராங்க் ஷாஃப்டின் (என்ஜினுக்குள் சுழலும் தண்டின்) பின்பக்க ஆயில் சீல் கசிந்து புது பிளேட்டில் எண்ணெய் இறங்கியிருக்கலாம். சீல் விலை அற்பம், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிசு, அதனால் இறக்கிய கையோடு சீலையும் பார்த்துவிடுவதுதான் ஒழுங்கான வேலை.

முதலில் அவருக்கே வாட்ஸ்அப்பில் எழுதி, சரிசெய்து தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் சாட்சி கிடையாது. மறுத்தால் வேறு பட்டறையில் பிரியுங்கள், பக்கத்திலேயே நின்று படம் எடுங்கள். பிளேட் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தால் சீலைச் சந்தேகப்படலாம். ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகள் விழுந்திருந்தால் சூட்டில் வெந்தது. பழைய சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடந்திருக்க வேண்டும். நடக்காமல், அவர் சரிசெய்யவும் மறுத்தால், வேறு இடத்தில் செய்த செலவை அவரிடமே கேட்கலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். 650 வெள்ளிக்குப் போய் அலைவதா என்று யோசிக்காதீர்கள், உங்களைப் போன்றவர்கள் அப்படி யோசிப்பார்கள் என்று தெரிந்துதான் இந்த மாதிரி பில் எழுதுகிறார்கள்.

கேள்வி: தினமும் காலையில் 15 நிமிஷம் காரை நிறுத்தியபடியே என்ஜினைச் சூடாக்குகிறேன். பெட்ரோல் வீண் என்று மனைவி திட்டுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி. அரை நிமிஷம் போதும், அப்புறம் முதல் சில கிலோமீட்டர் மெதுவாக மிதியுங்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என்ஜின் எண்ணெயோடு கலக்கும் மருந்து, 60 வெள்ளிக்கு ஒரு புட்டி. "என்ஜின் தேய்வதே ஸ்டார்ட் பண்ணும்போதுதான், இதை ஊற்றினால் இரும்பில் ஒட்டிக்கொள்ளும்" என்று மெஷின் வைத்துக் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த மெஷினா! சுழலும் வளையத்தில் ஒரு உருளையை அழுத்துவார்கள், சாதா எண்ணெய் என்றால் கீச்சிட்டு நிற்கும், அவர் புட்டியில் இரண்டு சொட்டு விட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடும். நானும் வாய் பிளந்து பார்த்து வாங்கினேன். மிச்சம் பாதிப் புட்டி வீட்டு கேட்டின் கீலுக்குப் போகிறது, கீல் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் என்ஜினில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பம்ப் தள்ளும் எண்ணெயின் மேல்தான் தண்டு மிதந்தபடி சுழல்கிறது. வண்டி நின்றிருக்கும்போது எண்ணெய் கீழே வடிந்துவிடும், சாவியைத் திருப்பியதும் அது மறுபடி மேலே ஏற ஓரிரு நொடி ஆகும், அதற்குள் கொஞ்சம் உரசலாம். அவர் சொன்னதில் உண்மை இந்த அளவுதான், மற்றதெல்லாம் வியாபாரம். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற பிரபலமான சரக்கும் ஸ்டார்ட் தேய்மானத்தைக் காட்டித்தான் விற்றது. ஆதாரமில்லாத விளம்பரம் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 1996-ல் குற்றம் சாட்டியது, 1997-ல் விஷயம் சமரசத்தில் முடிந்தது. இன்னும் அதே பாட்டை நம் ஊர்ச் சந்தையில் பாடுகிறார்கள்.

60 வெள்ளியை நல்ல ஆயில் ஃபில்டரில் போடுங்கள். உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கும், எண்ணெய் திரும்ப வடியாமல் பிடித்து வைப்பது அதுதான். மட்டமான ஃபில்டரில் ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் கேட்கும். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு எண்ணெயை ஊற்றி, குச்சியில் அளவு பாருங்கள். பனி கொட்டும் ஊரில் எண்ணெய் இறுகும், இங்கே விடியற்காலையிலும் தாராளமாக ஓடும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து சந்தை என்று குட்டிக் குட்டி ஓட்டமாகவே போகும் வண்டிக்கு மட்டும் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றுங்கள், சூடேறாத என்ஜினில் ஈரமும் பெட்ரோலும் எண்ணெயில் கலந்து தங்கும்.

கேள்வி: ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் சாமான் கடையில்) பழைய கிளட்ச் பிளேட் 50 வெள்ளிக்குக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. பழசைப் போட்டாலும் கூலி அதேதான்.

கேள்வி: நண்பரின் நண்பரிடம் இரவில் ஒரு புரோட்டோன் வீரா கார் வாங்கினேன். ரொக்கம், ரசீது இல்லை. மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது என்ஜின் அலறுகிறது, கார் நகரவில்லை.

பதில்: இரவில் போய், ஓட்டியும் பார்க்காமல், ரசீதும் கேட்காமல்... இதற்கு நான் என்ன சொல்ல? ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டிருந்தால் நல்ல கிளட்சாக இருந்து என்ஜின் அணைந்திருக்கும், அணையாவிட்டால் கிளட்ச் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்திருக்கும். விற்றவர் வியாபாரி இல்லை, சொந்தக் காரை விற்றவர். அதனால் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. கேபிள் கிளட்ச் என்றால் செலவு செய்யும் முன் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பெடலில் கொஞ்சமும் தளர்வு இல்லாவிட்டாலும் வழுக்கும். அப்படியும் வழுக்கல் நிற்காவிட்டால் செட் மாற்ற வேண்டியதுதான். அது சரி, காருக்குப் பெயர் மாற்றினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம்.