போன் திருடு போனால் வைஃபை பத்திரமா?

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பேருந்தில் போனைப் பறிகொடுத்துவிட்டேன். போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் முடக்கியாயிற்று. இனி பயமில்லைதானே?

புகார் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அந்த முடக்கம் செல்போன் நெட்வொர்க்கை மட்டும்தான் தடுக்கும். போனில் வைஃபை வழக்கம்போல் வேலை செய்யும். கடை வைஃபையின் பாஸ்வேர்டு அதில் பதிந்து கிடக்கிறது. ஸ்கிரீன் லாக்கைத் தாண்டிவிட்ட ஆள் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றபடியே உள்ளே வரலாம். பில் போடும் கம்ப்யூட்டரும் கேமரா பதிவுப் பெட்டியும் அதே வைஃபையில்தானே இருக்கின்றன? இன்று ராத்திரி கடை சாத்துவதற்குள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பில் பிரிண்டர், கேமரா, கார்டு தேய்க்கும் மெஷின் என்று ஒவ்வொன்றிலும் மறுபடி போட வேண்டுமே என்றுதான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போக உதவும் அட்மின் பாஸ்வேர்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

திருவாரூரில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். ஆசிரியர் ஒருவரின் லேப்டாப் களவு போனது. விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறது, போதாதா?

போதாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. விஷயம் தெரிந்தவர் வைஃபை பாஸ்வேர்டையும் அதிலிருந்து எடுத்துவிடுவார். டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் சங்கேதமாக மாற்றிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் அவ்வளவு சுலபமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா ஆசிரியருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால்தான் ஒரு லேப்டாப் போனாலும் அத்தனை பேருக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. வைஃபை பாதுகாப்பு முறைகளான டபிள்யூபிஏ2-விலும், 2018-ல் வந்த டபிள்யூபிஏ3-யிலும் 'என்டர்பிரைஸ்' முறை உண்டு. ஆளுக்கொரு கணக்கு, பறிகொடுத்தவருடையதை மட்டும் ரத்து செய்தால் போதும். அமைத்துக் கொடுக்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும். சென்டர் பெரியதென்றால் அந்தச் செலவு தகும்.

மன்னார்குடியில் எங்கள் அரிசி ஆலையில், ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் எண்ணைப் பார்த்து அனுமதித்ததை மட்டும் வைஃபைக்குள் விடும் மேக் ஃபில்டர் போட்டிருக்கிறோம். திருடுபோன போனால் என்ன செய்துவிட முடியும்?

திருடு போனதே நீங்கள் அனுமதித்த போன்தானே! பட்டியலிலிருந்து உடனே நீக்குங்கள். ஆனால் மேக் எண்ணைப் போலியாகவும் வைக்கலாம். ஆகவே பாஸ்வேர்டையும் மாற்றத்தான் வேண்டும்.

வேளாங்கண்ணியில் லாட்ஜ். வராந்தாவில் இருந்த ரவுட்டரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைக்காதீர்கள். திருடியவர் பழையதை அக்கம்பக்கத்தில் ஓடவிட்டால், உங்கள் ஆட்களின் போன்கள் கேட்காமலே அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்திடம் சொல்லி லாகின் விவரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். புதியதைக் கைக்கெட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். ரீசெட் பட்டனைச் சில விநாடி அழுத்தினாலே, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டுக்கு அது திரும்பிவிடும்.