கிறிஸ்தவத்தில் அபிஷேகம் என்றால் என்ன? அது ஊழியக்காரர்களுக்கு (போதகர், பிரசங்கியார் போன்றவர்களுக்கு) மட்டுமா?

கேள்வியிலேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: அபிஷேகம் என்பது மேடையில் இருப்பவருக்குக் கிடைக்கும் தனிச் சக்தி என்று.

'கிறிஸ்து' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'மேசியா' என்ற எபிரெயச் சொல்லுக்கும் ஒரே பொருள்: அபிஷேகம் பண்ணப்பட்டவர். பைபிளின் யாத்திராகமம் 30-ல் அபிஷேகத்துக்குப் பூசும் தைலத்தின் செய்முறையே இருக்கிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அக்கால எடை அளவு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, இவற்றோடு ஒலிவ எண்ணெய். ஆசாரியர்களையும் பாத்திரங்களையும் கடவுளின் பணிக்கென்று பிரித்து வைக்கவே அது பூசப்பட்டது. அதாவது, அபிஷேகம் முதலில் வேலையைக் குறிக்கிறது, உணர்ச்சி அப்புறம்தான்.

தாவீதைப் பாருங்கள். அடுத்த ராஜாவாக்க தீர்க்கதரிசி சாமுவேல் தைலம் ஊற்றிய நாள்முதல் கர்த்தருடைய ஆவியானவர் அவன்மேல் இருந்தார். ஆனால் அப்போதைய ராஜா சவுல் அவனை அழைக்க ஆளனுப்பும்போது அவன் இன்னும் ஆடுதான் மேய்த்துக்கொண்டிருக்கிறான்! சிங்காசனம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. இயேசுவும் நாசரேத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்தபோது, தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்றுதான் அபிஷேகத்தின் நோக்கத்தைச் சொன்னார் (லூக்கா 4:18).

ஊழியக்காரர்களுக்கு மட்டுமா? இல்லை. 1 யோவான் 2:20, 27 சாதாரண விசுவாசிகளைப் பார்த்தே 'நீங்கள் அபிஷேகம் பெற்றவர்கள்' என்கிறது. சத்தியத்தையும் பொய்யையும் பிரித்தறிவதற்காக அது என்பதும் அங்கேயே இருக்கிறது.

நடைமுறையில் சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு. கத்தோலிக்கர், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலில் கிறிஸ்மா தைலம் பூசுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் ஆவியின் நிறைவை அழுத்திச் சொல்கின்றன. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14-ன்படி. அந்த எண்ணெயைப் பாட்டிலில் விலைக்கு விற்பதற்கு எனக்குத் தெரிந்து வசனம் எதுவும் இல்லை.