பேரேடு எழுதிய கைக்கு டாலி வருமா?

கேள்வி: ஐயா, தேவகோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 58. பெரிய முதலாளி காலத்திலிருந்து பேரேடுதான். இப்போது அவர் மகன் கணினியில் கணக்கு எழுதும் டாலி மென்பொருளை வாங்கிப் போட்டிருக்கிறார். சொல்லிக்கொடுக்க வரும் பெண் நன்றாகத்தான் சொல்கிறது. அதன் கை வேகத்தைப் பார்த்தாலே எனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. எதையாவது தட்டி மொத்தக் கணக்கும் அழிந்துவிடுமோ என்று பயம். இந்த வயதில் எனக்கு வருமா?
– பெயர் வேண்டாம்

பதில்: வரும். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏஜெண்டுகள் எழுதி அனுப்பிய கணக்கை ஊரில் உட்கார்ந்தபடியே சரிபார்த்த செட்டிநாட்டுச் சீமை நம்முடையது. அதே பற்று வரவைத்தான் டாலியும் கேட்கிறது.

கடைக் கணினியில் பழகாதீர்கள். வீட்டில் பிள்ளைகளின் மடிக்கணினி இருந்தால் அதில் டாலியை எஜுகேஷனல் (பழகுவதற்கான) முறையில் போட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிய விடும். இருக்கட்டும். ஆடிட்டர் பார்த்து முடித்த ஆண்டிலிருந்து, ஆடி மந்தத்தில் ஓடிய ஒரு ஜூலையை எடுங்கள். தொடக்க இருப்பை ஏற்றிவிட்டு, அந்த மாத வரவு செலவு முழுவதையும் 1ஆம் தேதியிலேயே போடுங்கள். விடைதான் உங்கள் பேரேட்டில் இருக்கிறதே! மாதக் கடைசி இருப்பு தலைப்புக்குத் தலைப்பு ஒத்து வரும்வரை விடாதீர்கள்.

பணம் கொடுத்தால் எஃப்5 விசை, வந்தால் எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9, வங்கியில் ரொக்கம் கட்டினால் எஃப்4. உங்கள் கையெழுத்திலேயே ஓர் அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணிடம், "நீ வாயால் சொல்லம்மா, நான் தட்டுகிறேன்" என்று கேளுங்கள். அழியும் பயம் வேண்டாம். ஒரு பதிவை நீக்கும் முன் டாலி கேட்டுக்கொள்ளும். தினமும் பேக்கப் மட்டும் எடுத்து வையுங்கள்.

ஒரு காரியத்தை அந்தப் பெண்ணைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். நானும் ஆடிட்டர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். பேரேட்டில் பத்து ரூபாய் இடித்தால் நமக்குத் தூக்கம் வராது. டாலியில் அந்தத் தேடலே கிடையாது. பற்றும் வரவும் ஒத்துப்போகாத பதிவை அது ஏற்பதில்லை. அதனால் தொடக்க இருப்பு சரியாக ஏறியிருந்தால் கணக்கு எப்போதும் ஒத்தே நிற்கும். ஆபத்தும் அங்கேதான். கம்பி இறக்கிய லாரி வாடகையை முதலாளி வீட்டுச் செலவில் எழுதினாலும் அது வாய் திறக்காது. கொத்தனார் முருகேசன் கட்டிய பாக்கியை பட்டறை முருகேசன் கணக்கில் வரவு வைத்தாலும் அப்படித்தான். "பட்டறைக்காரர் கடன் சொல்கிற ஆளே இல்லையே!" என்று அங்கே துணுக்குறப்போவது நீங்கள் ஒருவர்தான். எனவே மாலையில் டாலியின் டே புக்கை (நாள்வழிப் பதிவுப் பட்டியலை) திறந்து, அன்றைய பதிவுகளை நீங்கள் வரி வரியாகப் பார்த்த பிறகே கணக்கை மூடுவது என்று சின்ன முதலாளியிடம் பேசி வையுங்கள்.

அதையும் நாள் பார்த்துப் பேசுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிற கடை என்றால், 20ஆம் தேதி தாண்டும்வரை அவர் காதில் எதுவும் ஏறாது.