அப்பப்பாவின் வில்லுக்கத்தியும் ஒரு திருகு வளையமும்

கேள்வி: இருபது வருடமாக லண்டன் ஹரோவில் இருக்கிறேன். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் பாவித்த, மான்கொம்புப் பிடி போட்ட, ரொட்ஜர்ஸ் கம்பனியின் வில்லுக்கத்தி (மடக்கும் பேனாக்கத்தி) என்னிடம் உண்டு. அதிலிருந்து ஆசை பிடித்து, பழைய கத்திகளாகச் சேர்க்கிறேன். போன மாதம் இணையத்தில் ஓப்பினெல் நம்பர் 6 என்ற பிரெஞ்சுக் கத்தி வாங்கினேன். ‘இங்கிலாந்தில் சட்டப்படி பையில் வைக்கலாம்’ என்று போட்டிருந்தார்கள். இவற்றைக் கொண்டு வெளியே போகலாமா?

பதில்: கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்குள் இருந்தால் அப்பப்பாவின் கத்தி போகலாம். ஓப்பினெல் வீட்டில் இருக்கட்டும்.

1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு. பொது இடத்தில் கூரான எதையும் வைத்திருக்கக் கூடாது. மடக்கும் பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு, அதுவும் கூர்ப்பகுதி 3 அங்குலத்தைத் தாண்டாவிட்டால். எல்லோரும் அடிமட்டம் வைத்து அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது அளவில் அல்ல, பூட்டில். பூட்டு விழும் கத்தி ‘மடக்குக் கத்தி’யே ஆகாது என்று தொண்ணூறுகளில் ஹாரிஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் பூட்டைப் பற்றி ஒரு சொல் கிடைக்காது. 3 அங்குலம் என்று எழுதத் தெரிந்த பாராளுமன்றத்துக்கு அதை எழுத இத்தனை வருடமாக நேரம் கிடைக்கவில்லை. பழி மட்டும் வாங்கியவர் தலையில்.

இரண்டு கத்திகளையும் மேசையில் வையுங்கள். அப்பப்பாவினதை விரித்தால் முதுகிலுள்ள எஃகு வில் ‘டக்’கென்று பிடிக்கும். அலகின் முதுகில் விரலை வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து மடங்கிவிடும். ஓப்பினெலில் கழுத்தருகே ஒரு வளையம் இருக்கிறது பாருங்கள். அலகை விரித்து அதைத் திருகிவிட்டால், திருப்பித் திருகும்வரை மடங்காது. அதுதான் பூட்டு. அலகு 7 சென்டிமீட்டர் சொச்சம்தானே என்று வாதாடிப் பயனில்லை. விற்பவன் போட்ட ‘சட்டப்படி’ என்ற வரியைக் காட்டினால் போலீஸ்காரர் சிரிப்பார். இந்த நாட்டில் எந்தக் கத்திக்கும் அப்படியொரு சான்றிதழ் கிடையாது. கூடுதல் காசுக்குச் சான்றிதழ் தருகிறேன் என்பவனிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

பூட்டுக் கத்தியையும் தகுந்த காரணம் இருந்தால் கொண்டு போகலாம். இந்தக் ‘காரணம்’ என்ற சொல்லை நம்பித்தான் நம் பிள்ளைகள் பலர் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கடையில் பெட்டி கிழிக்கும் பிளேட் கத்தி இருக்கிறதல்லவா? கடைக்குள் வேலையாக வைத்திருந்தால் குற்றமில்லை. கடை பூட்டி ஒன்பதரைக்குப் பஸ் ஏறும்போது ஜாக்கெட்டில் கிடந்தால்? நேரே வீடு என்றால் வாதாடிப் பார்க்கலாம். நடுவில் நண்பனின் பிறந்தநாள் என்றால் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை அதே ஜாக்கெட்டில் அதே கத்தி என்றால் ‘மறந்துவிட்டேன்’ என்பீர்கள். வெறும் மறதி காரணமாகாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் எதற்கு என்று நிரூபிக்கும் பாரம் உங்கள்மேல். தண்டனை 4 வருடம்வரை போகும். தெருவில் நிற்கும் காரும் உங்கள் வீடு அல்ல.

ஆகவே கண்காட்சிக்கோ பழுதுபார்க்கவோ கொண்டுபோனால் பெட்டியில் போட்டு, சுற்றி, காரின் டிக்கியில் வையுங்கள். வேலை முடிந்ததும் நேரே வீடு. ‘பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்’ என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அப்பப்பாவின் கத்தியும் 1953ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டப்படி ஆயுதமாகிவிடும்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. போலீஸ் நிலையத்தில் ‘வில்லுக்கத்தி’ என்று சொல்லாதீர்கள். நமக்கு அது முதுகில் வில் வைத்த சாதுவான கத்தி. மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பித்தானை அமுக்கியதும் பாயும் கத்தியாகிவிடும். அந்தச் சாமானை 2021 ஜூலையிலிருந்து வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். ‘பேனாக்கத்தி’ என்று சொல்லுங்கள்.

சேகரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரொட்ஜர்ஸ் அலகில் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் இருக்கும். அந்த முத்திரை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1682இல் வழங்கப்பட்டது. அதைக் காட்டிக் கத்திக்கே அந்த வயது என்று விலை சொல்பவனிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அலகில் இங்கிலாந்து என்ற பெயரும் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அங்கே போட்ட சட்டத்தால் வந்த வழக்கம் அது. மெருகேற்றித் தருகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் பிடித்தால் முதலில் அழிவது முத்திரைதான். மூட்டில் ஒரு துளி எண்ணெய் போதும்.

ஓப்பினெல்தான் வேண்டுமென்றால் நம்பர் 5 வாங்குங்கள். அதில் வளையம் இல்லை.