குண்டுமல்லி மொட்டு வைத்திருக்கும்போது கிளையை வெட்டலாமா?

கேள்வி இது: புதுச்சேரியில் மாடித்தோட்டம், தொட்டியில் மூன்று வருடக் குண்டுமல்லி, சித்திரை வெயிலில் செடி முழுக்க மொட்டு. "பாதிக்குப் பாதி வெட்டி, இலையையும் உருவிவிடு, இன்னும் கொத்துக்கொத்தாகப் பூக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா?

பாதிக்குப் பாதி வேண்டவே வேண்டாம். பூத்து முடிந்த நுனிகளை மட்டும், முடிய முடிய, வெட்டிக்கொண்டே வாருங்கள்.

அந்த யோசனை சொன்னவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் பூக்கும் என்பது சரிதான். ஆனால் சித்திரையில் ஒரேயடியாக வெட்டினால் கையிலிருக்கும் மொட்டும் போகும், அடுத்த துளிர் மொட்டு வைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் அக்னி நட்சத்திரம் வந்து, இலையில்லாத குச்சிகளை மாடிச் சூடு காய்ச்சிவிடும். தொட்டிச் செடி அந்த அடியைத் தாங்குவது கஷ்டம்.

எங்கே வெட்டுவது என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை. ஒரு கொத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மொட்டு இருக்கும். நடுமொட்டு முதலில் முற்றும், பக்கத்து இரண்டும் அதற்குப் பின்னால் வரும். நடுப்பூவைப் பறித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் மற்ற இரண்டும் போச்சு. மூன்றும் முடிந்தபின், பூவைத் தாங்கிய பச்சைப் புல்லி பல் பல்லாக ஒட்டியிருக்கும் காம்பு மட்டும் நிற்கும். அதற்குக் கீழே எதிரெதிராக இரண்டு இலை, அந்த இலையிடுக்கில் எள்ளளவு பச்சை முளை தெரியும். அந்த இலை ஜோடிக்குக் கால் அங்குலம் மேலே வெட்ட வேண்டும். இரண்டு முளையும் கிளம்பும், ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனி. முளை தெரியாவிட்டால் அடுத்த ஜோடிக்கு இறங்குங்கள், அதற்குக் கீழே வேண்டாம். கத்தரி கூராக இருக்க வேண்டும், ஒவ்வொரு செடிக்கும் முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் கருகிக் கீழே இறங்கும்.

இலை உருவுவது பற்றி. மொட்டுக்குச் சோறு போடுவது இலை. மொட்டு நிற்கும்போது உருவினால் மொட்டு சிறுத்து, காம்பு பழுத்து உதிரும். எடுக்க வேண்டியது மூன்றுதான்: பழுத்த இலை, மண்ணைத் தொடும் இலை, வெயிலே படாமல் உள்ளே அடைந்து கிடக்கும் இலை. அதையும் ஒரே நாளில் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். "எங்கள் ஊரில் தோட்டத்தில் உருவித்தான் பூக்க வைக்கிறார்கள்" என்று யாராவது வருவார்கள். ஓய்வுக் காலத்தில், தரையில் வேர் ஓடிய செடிக்குச் செய்வது வேறு, மொட்டோடு நிற்கும் தொட்டிச் செடிக்குச் செய்வது வேறு.

பூக்கும் காலத்தில் தயங்காமல் கை வைக்கக்கூடியது இன்னொன்று உண்டு. அடியிலிருந்து சாட்டை மாதிரி நீளமாக, இலைக்கும் இலைக்கும் அதிக இடைவெளி விட்டு ஒரு குச்சி கிளம்பும். அதில் பூ வராது, சத்தை மட்டும் இழுக்கும். ஒரு முழம் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விட்டுப் பூக்கும். செடி நெரிசலாக இருந்தால் அடியோடு எடுத்துவிடலாம்.

மொட்டு கெட்டுப்போவதைப் பார்த்துக் கிளையை வெட்டுபவர்களும் உண்டு. மொட்டில் துளை, கொத்தைச் சேர்த்து நூலாம்படை மாதிரி பின்னல் இருந்தால் மொட்டுப்புழு. அடிப்பாகம் வீங்கி, ஊதா அடித்து, விரியாமலே நின்றால் மொட்டு ஈ. இரண்டுக்கும் கிளையை வெட்ட வேண்டாம், கெட்ட மொட்டைப் பொறுக்கிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். தொட்டியிலேயே போட்டால் அந்த மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி மறுபடியும் வரும். வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலம் தெளியுங்கள். தலையில் வைக்கும் பூ, குழந்தைகள் முகர்கிற பூ. கடைக்காரர் கொடுக்கும் மருந்தை யோசிக்காமல் அடிக்காதீர்கள்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. கடலோரத்து உப்பு போர்வெல் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் இது சகஜம். வெட்டித் தீராது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், மாதம் ஒருமுறை இலையில் தெளிக்க வேண்டும். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

பெரிய கவாத்து, அதாவது செடி முழுவதையும் குறைத்து வெட்டுவது, வருடத்துக்கு ஒன்றுதான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் கரையில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது நவம்பர் 30. வெட்டுவாய் காய்வதற்குள் மழை பிடித்தால் பூஞ்சணம் ஏறி, நுனியிலிருந்து குச்சி கருகிக்கொண்டே வரும். ஆகவே தேதியை விட்டுவிட்டு, தொடர்ந்து ஐந்து நாள் மழையில்லை என்று தெரிந்தபின் வெட்டுங்கள். மார்கழி ஆனாலும் பரவாயில்லை, பங்குனியில் பூத்துவிடும்.

தொட்டியில் ஒரு முழம் விட்டால் போதும். காய்ந்தது, உரசுவது, உள்நோக்கி வளர்வது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பென்சில் கனத்துக்கு மேற்பட்ட வெட்டுவாய்களில் பூஞ்சணம் ஏறாமல் இருக்கப் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், இரண்டையும் அரை அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியே கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும், இரும்பு வாளி ஆகாது. பழைய கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், மனசு கேட்கவில்லை. புயல் சீசனுக்கு முன் தெருவோர மரங்களை மின்கம்பிக்காக வெட்ட வருகிறார்கள். கம்பி இருக்கும் பக்கத்தை மட்டும் மொட்டையடித்து, மறுபக்கப் பாரத்தை அப்படியே விட்டுப் போகிறார்கள். வெட்டு பாதியில் பட்டை உரிந்து தொங்கும். காற்று வந்ததும் அந்த மரம் பாரம் இருக்கும் பக்கமே சாய்கிறது, பிறகு "மரம் வைத்ததே தப்பு" என்று பேச்சு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்த பகுதி இது. கிளையை முதலில் அதன் கீழ்ப்பக்கத்திலிருந்து கால் பங்கு அறுத்து, பிறகு மேலிருந்து வெட்டினால் பட்டை உரியாது. இரு பக்கமும் சமமாகக் குறைத்தால் மரம் நிற்கும். இதற்கு ஒரு மரத்துக்கு அரைமணி நேரம் கூடுதலாகுமா?

உங்கள் செடிக்கு வருகிறேன். பெரிய கவாத்துக்குப் பின் நிற்பது இலையில்லாக் குச்சி, அது குடிக்கும் தண்ணீர் குறைவு. மேல்மண் இரண்டு விரல்கடை காய்ந்தபின் ஊற்றினால் போதும். துளிர் ஒரு விரல் நீளம் வந்தபின், மேல்மண்ணை மூன்று அங்குலம் எடுத்துவிட்டு மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணை நிரப்புங்கள். 100 கிராம் கடலைப்புண்ணாக்கை இரண்டு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்து, பதினைந்து நாளுக்கு ஒரு குவளை. யூரியாவைக் கொட்டினால் இலை வாழையாட்டம் வரும், பூ வராது.