செயல்திட்டத்தை மாணவர்களிடமே விட்டால் நேரம் வீணாகாதா?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செயல்திட்டத்தை, அதாவது பிராஜெக்ட்டை, முழுசாக விடலாமா, நேரம் வீணாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். ஆனால் தலைப்பை நாம் கொடுத்துவிட்டு, சார்ட்டுக்கு என்ன கலர் என்பதை மட்டும் அவர்களிடம் விட்டால் பயனில்லை. கேள்வியே அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

நான் பள்ளிகொண்டா பக்கம், பாலாற்றை ஒட்டிய ஊரில் அறிவியல் ஆசிரியர். வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளைப் பார்த்து மதிப்பெண் போடுவது) பல வருடம் தெர்மாகோல் எரிமலைக்குத்தான் மதிப்பெண் போட்டேன். ஒரு வருடம், "உங்க ஊர்ல உங்களுக்குப் புரியாத விஷயம் ஒண்ணு சொல்லுங்க" என்றேன். ரொம்ப நேரம் அமைதி. அப்புறம் ஒரு மாணவி, "எங்க கிணத்துத் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது சார். மாமா ஊர்ல நல்லா நுரைக்குது. ஏன்?" என்றாள்.

ஐந்து பேர் சேர்ந்தார்கள். பத்துக் கிணறு, ஒரே அளவு பாட்டில்கள், எல்லாம் அவர்கள் முடிவு. முதல் நாள் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். பத்திலும் நுரை பொங்கியது. முகமெல்லாம் வாடிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும், சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அதே பெண் ஓடி வந்தாள். "சார், பாட்டி கட்டி சோப்புதான் போடுவாங்க. பவுடர் எங்க தண்ணியிலயும் நுரைக்குது!" கால்சியம், மெக்னீசியம் உப்புகளோடு சேர்ந்து சோப்பு திரிந்துபோகும், டிடர்ஜென்ட் அப்படித் திரியாது என்பதை நடத்த அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை. பிறகு சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, நுரை நிற்கும்வரை எண்ணினார்கள். சொட்டு கூடினால் தண்ணீரில் அந்த உப்புகள் கூட என்று அர்த்தம்.

நான் தலையிட்டது ஒரே இடத்தில். "தோல் தொழிற்சாலைக் கழிவுதான் காரணம்" என்று முடிவுரை எழுதிவிட்டார்கள். கோபம் நியாயமானது. பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்றது. ஆனால் அதே உப்புகள் பாறையிலிருந்தும் கரையும். "சொட்டுக் கணக்கு ரெண்டையும் பிரிச்சுக் காட்டுமா?" என்று கேட்டேன். இரண்டு நாள் சண்டை. கடைசியில் அவர்களே அந்த வரியை அடித்துவிட்டு, ஒவ்வொரு கிணறும் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கக் கிளம்பினார்கள்.

நேரம்? வாரம் இரண்டு பீரியட், மூன்று வாரம். வகுப்பு முழுவதையும் ஒரே சமயத்தில் இறக்காதீர்கள், முதலில் ஒரு குழு போதும். நோட்டில் தினமும் "இன்னிக்கு என்ன தப்பாச்சு" என்று எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அதற்கும் போடுங்கள்.